குடைக்கொடியை மழைத்தண்ணீரிலிருந்து காப்பது எப்படி? இங்கிலாந்துத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்தோட்டத்தில் ஒரு கம்பம் நின்றது. உச்சியில் நான்கு கைகள் மடங்கி, கயிறெல்லாம் பாசி பிடித்து, மழையில் நனைந்த காக்கா மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் வந்து விரித்துக் காட்டிய பிறகுதான் அது துணி காயப்போடுவதற்கு என்று தெரிந்தது. ரோட்டரி ஏரர் என்றார். எங்கள் வீட்டில் அன்றைக்கே அதற்குக் குடைக்கொடி என்று பெயர் வந்துவிட்டது. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முதல் வருடம் அதை நான் கவனிக்கவே இல்லை. வெளியில் நிற்பதற்கென்றே செய்த பொருள்தானே, மழை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஜனவரியில் கம்பம் தரையிலுள்ள குழாயோடு சேர்ந்து உறைந்துபோய், பிடுங்கவும் முடியாமல் சுற்றவும் முடியாமல் நின்றது. ஏப்ரலில், சித்திரை முதல் நாளுக்காகத் துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டியில் சாண் நீளத்துக்குத் துருக்கோடு விழுந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று புரிய எனக்கு இன்னொரு வருடம் ஆனது.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை பெய்கிறது. லண்டனில் 600 மி.மீ. சொச்சம்தான், பாதிகூட இல்லை. ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். மறுநாள் வெயில் அடித்தால் மொட்டைமாடி சுட்டுவிடும். இங்கே அந்த 600 மி.மீ. ஆண்டில் நூற்றுச் சொச்சம் நாட்களுக்குத் தூறலாகப் பிரிந்து விழுகிறது. மேற்கேயும் வடமேற்கேயும் போனால் இன்னும் அதிகம். அக்டோபரில் நனைந்த இரும்பு மார்ச் வரை முழுசாகக் காய்வதே இல்லை. துருவுக்கும் பாசிக்கும் அது போதும்.

முதலில் ஒரு செம்பு தண்ணீர்

குடைக்கொடி என்று பெயர் வைத்தேனே தவிர, மழை விஷயத்தில் இது குடைக்கு நேர் எதிர். குடைக்கம்பிகள் நடுவிலிருந்து வெளியே சரியும். தண்ணீர் ஓரத்தில் போய்ச் சொட்டும். குடைக்கொடியின் கைகள் நடுவிலிருந்து வெளியே ஏறும். எதிர்க்காற்றில் திருப்பிக்கொண்ட குடை இருக்கிறதே, அதுதான் இது. மேலே விழுகிற மழை கைகளைப் பிடித்துக்கொண்டு நடுவுக்குத்தான் ஓடிவரும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொடியை விரித்து, ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு கையின் நுனியில் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் கையோடு வழிந்து, நான்கு கைகளும் வந்து சேரும் பிளாஸ்டிக் வளையத்துக்கு வரும். வழியில் கயிறு கோத்திருக்கும் ஓட்டைகளில் கொஞ்சம் உள்ளே போகும். வளையத்திலிருந்து கம்பத்தின் மேல் வழிந்து, கடைசியில் தரையில் பதித்திருக்கும் குழாய்க்குள் இறங்கும். அந்தக் குழாயின் அடி அடைத்திருந்தால் அங்கேயே தேங்கும்.

மழை போகும் இந்தப் பாதைதான் உங்கள் வேலைப் பட்டியல். கடைகளில் உறை, மேல்விரிப்பு என்று விற்கிறார்கள், எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்துப் பணத்தை விட்டேன். கீழிருந்து மேலே போவதுதான் சரி. தரைக்குழாயைச் சரிசெய்யாமல் உச்சியில் எத்தனை மூடி போட்டாலும் பனிக்காலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தரைக்குழாய்: பாதி வேலை இங்கேதான்

கம்பத்தைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள்; இடமும் வலமுமாகத் திருகித் திருகித் தூக்குங்கள். குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இலை, மண், நத்தை, முந்தின வாடகைக்காரரின் இரண்டு கிளிப் எல்லாம் கிடக்கும். எடுத்துவிட்டு, பாதிக் குழாய் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியிருந்தால் நல்ல குழாய். மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால் அடி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பு மண்ணாக இருந்தால், ஸ்பாஞ்சைக் குச்சியில் கட்டித் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கிளறினால் போய்விடும். கான்கிரீட் அடைத்திருந்தால்தான் சிக்கல். குழாயைப் பதித்தவர் அடியில் ஜல்லி போடாமல் கலவையைக் கொட்டியிருப்பார், அது ஓட்டையை மூடியிருக்கும். அப்போது நீளமான கான்கிரீட் டிரில் பிட் வாங்கி, குழாய்க்குள் விட்டு அடிவரை துளைக்க வேண்டும். பேட்டரி டிரில்லால் மட்டும் செய்யுங்கள். ஈரத் தோட்டத்தில் பிளக் போட்ட டிரில் வேண்டவே வேண்டாம்.

துளைக்க முடியவில்லை, அல்லது புதிதாக வைக்கிறீர்கள் என்றால், குழி தோண்டுவதுதான் வழி. அதை ஒழுங்காகச் செய்தால் பல வருடம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் இடம். 50 மீட்டர் கயிறுள்ள நான்கு கைக் கொடி விரிந்தால் நுனிக்கு நுனி ஏறத்தாழ 3 மீட்டர் வரும். சுற்றிலும் இன்னும் ஒரு முழமாவது காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சுற்றும்போது போர்வை வேலியில் உரசும். மரத்தடி வேண்டாம். மழை நின்ற பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும், புறாவின் கைங்கர்யம் தனி. தோட்டத்தின் பள்ளமான மூலையும் வேண்டாம், தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். தோண்டும் முன் மின்கேபிள், கேஸ் குழாய், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கான்கிரீட்டைப் போட்ட பிறகு கேட்பது வீண்.

குழி சதுரமாக, பக்கத்துக்கு 30 செ.மீ. இருந்தால் போதும். ஆழம், உங்கள் தரைக்குழாயின் நீளத்தைவிட 10 செ.மீ. அதிகம். பெட்டியோடு வந்த தாள் வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். அந்த 10 செ.மீ.யில் ஜல்லி போட்டுக் கெட்டித்துவிடுங்கள். தண்ணீர் இறங்கும் வழி அதுதான்.

லண்டனிலும் தென்கிழக்கிலும் பல இடங்களில் களிமண். அங்கே ஜல்லி மட்டும் போட்டால் குழிக்குள் ஒரு சின்னக் குட்டை உண்டாகும், அவ்வளவுதான். களிமண் என்றால், குழியின் நடுவில் கடப்பாறையால் இன்னும் ஓர் அடி ஆழத்துக்குக் குறுகலாகக் குத்தி, அதையும் ஜல்லியால் நிரப்புங்கள். கிணற்றுக்குள் கிணறு மாதிரி.

குழாயை ஜல்லியின் மேல் நேராக நிறுத்துங்கள். அடி ஓட்டை ஜல்லியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வாயைத் துணியோ டேப்போ வைத்து மூடுங்கள், கலவை உள்ளே விழக் கூடாது. கம்பம் நடுவதற்கென்றே 20 கிலோ மூட்டைகளில் சீக்கிரம் இறுகும் கலவை கிடைக்கிறது. மூன்று மூட்டையாவது ஆகும். சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் ரசமட்டத்தை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மட்டம் பார்க்க வேண்டும். சாய்ந்து நிற்கும் கம்பத்தில் துணியெல்லாம் பள்ளத்துப் பக்கம் திரும்பி நிற்கும், காற்றடித்தாலும் சுற்றாது.

அப்புறம், பலரும் விட்டுவிடும் ஒரு காரியம். கலவையின் மேல்பகுதியைத் தட்டையாக விடாதீர்கள். குழாயை ஒட்டி உயரமாகவும் வெளியே போகப் போகச் சரிவாகவும் கரண்டியால் தேய்த்துவிடுங்கள், அடுப்பு மேட்டுக்கு மண் பூசுவது போல. குழாயின் வாய் அந்த மேட்டைவிட விரல்கடை உயரமாக நிற்கட்டும். தரையில் ஓடும் தண்ணீர் உள்ளே போகாது. புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு வாயில் படாத அளவுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துத் துணி போடலாம்.

கம்பத்தில் வழியும் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் இருக்க நான் செய்தது கவிழ்த்த புனல். ஒரு பெரிய பிளாஸ்டிக் புனலின் மூக்கைக் கம்பத்தின் பருமனுக்கு வெட்டி, கம்பத்தில் கவிழ்த்து மாட்டி, மேல் விளிம்பைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன். கம்பத்தோடு வருகிற தண்ணீர் புனலின் மேல் ஓடிக் குழாய்க்கு வெளியே சொட்டுகிறது. பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். உண்மைதான்.

கம்பம் இல்லாத நாட்களில் குழாய்க்கு மூடி வேண்டும். கூடவே வரும் பிளாஸ்டிக் மூடி முதல் வருடமே தொலைந்துவிடும். ஒரு வருடம் எங்கள் வீட்டில் கொட்டாங்குச்சி கவிழ்த்து வைத்தோம். பிரமாதமாக வேலை செய்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இது ஏதோ சடங்கு என்று நினைத்து, ஆறு மாதம் கழித்துத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

குழி தோண்ட வழியே இல்லாதவர்களுக்கு, பாவுகற்களை எடையாக வைக்கும் அடிப்பாகமும், மண்ணில் திருகி இறக்கும் திருகாணிக் குழாயும் உண்டு. திருகாணிக்கும் மேல்மூடி அவசியம்.

உச்சி, கைகள், ஆணிகள்

கம்பத்தின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். பழைய கொடிகளில் அது வெயிலில் வெடித்து விழுந்திருக்கும். திறந்த குழாய் வானத்தைப் பார்த்து நின்றால் மழை நேரே உள்ளே இறங்கும். மேசைக் காலுக்குப் போடும் ரப்பர் மூடி சரியான அளவில் கிடைத்தால் பத்து நிமிட வேலை. கைகளின் நுனி மூடிகளையும் அதே கையோடு பாருங்கள். ஆனால் கைக்குழாயின் தாழ்ந்த முனையில் வடிகால் ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர அது ஒன்றுதான் வழி.

என் வேட்டியில் விழுந்த கோடு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கைகள் அலுமினியம், அது துருப்பிடிக்காது. ஆனால் கையை வளையத்தோடு சேர்க்கும் ஆணிகள் இரும்பு. அவை ஈரத்திலேயே கிடந்து, துருத்தண்ணீர் உள்கயிற்றுக்குச் சொட்டியிருக்கிறது. ஒவ்வோர் ஆணியையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பு ஒட்டினால், கழற்ற முடிந்த ஆணியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து மேலே வெளிப்புறப் பெயிண்ட் பூசுங்கள். கம்பம் இரும்பாக இருந்து மேல்பூச்சு கீறியிருந்தாலும் இதே வைத்தியம்.

அலுமினியக் கம்பம் இரும்புத் தரைக்குழாயில் ஈரத்தோடு நின்றால் வெள்ளையாக மாவு பூக்கும். இரண்டு உலோகங்கள் தண்ணீரில் சேர்ந்தால் நடக்கும் அரிப்பு அது. கம்பத்தின் அடியைத் துடைத்து, வாசலின் மெல்லிசாகத் தடவினால் அரிப்பும் குறையும், பிடுங்குவதும் சுலபம். மேலே, கை மடங்கும் இடங்களுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே. சமையல் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்துக் கறுப்பாகி, அடுத்த மழையில் துணியில் இறங்கும்.

துருக்கறை பட்டுவிட்டால் ப்ளீச்சைக் கையில் எடுக்காதீர்கள். கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுவது பருத்தி வேட்டிக்கு ஒத்துவரும். வெயில் கிடைத்தால்.

உறை: மடக்கிய கொடிக்கு

மடக்கிய கொடிக்கு நீளமான பை மாதிரி ஓர் உறை விற்கிறார்கள். பறவை எச்சமும் பாசியும் கயிற்றில் படாமல் இருக்க இது நல்லது. ஆனால் இதைத் தவறாகப் போட்டால் மழையைவிட மோசம். ஈரக் கொடியை உறையில் திணித்துக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்? பூஞ்சணம் பூத்து, கயிறு வழுவழுத்து, திறக்கும்போது மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு நடந்திருக்கிறது.

கொடியை மடக்கி, கைகளின் அடியிலிருந்து உச்சி வரை நீளமும், தடிமனான இடத்தில் சுற்றளவும் அளந்துவிட்டு வாங்கப் போங்கள். உள்பக்கம் பூச்சுள்ள பாலியெஸ்டர் துணி போதும். கெட்டி பிளாஸ்டிக் குளிரில் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். குப்பைப் பையைச் சுற்றி டேப் போடும் யோசனையை மறந்துவிடுங்கள். உள்ளே வியர்க்கும், இரண்டு வாரக் காற்றில் கிழிந்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் போய் விழும். இங்கே காற்றும் சாரலும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகின்றன. ஆகவே ஜிப் வடகிழக்கைப் பார்த்து இருக்கட்டும். அடிக்கயிற்றை நான்கு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தியே கட்டுங்கள். எடுக்கும்போது ஒரு உதறு உதறுங்கள்; சிலந்திகளுக்கு இதைவிட நல்ல வீடு தோட்டத்தில் கிடையாது.

மேல்விரிப்பு: துணி காயும்போதே மழை வந்தால்

இது வேறு விஷயம். விரித்த கொடியின் மேல் கூரை போட்டால் தூறலிலும் துணியை விட்டுவைக்கலாம் என்பது ஆசை. ஓரளவு நடக்கும். சொந்தக் கம்பிகளோடு உச்சியில் மாட்டிக் குடையாகவே விரியும் விரிப்புகள் கடையில் கிடைக்கின்றன. வாங்குவதானால் உங்கள் கொடியின் கைகள் எத்தனை, நுனிக்கு நுனி எவ்வளவு, கம்பத்தின் பருமன் எத்தனை மி.மீ. என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். கம்பங்கள் 32 மி.மீ.யிலிருந்து 55 மி.மீ. வரை பல அளவில் வருகின்றன. எல்லாக் கொடிக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.

நீங்களே செய்வதானால், கைகள் மேல்நோக்கி ஏறுகின்றன என்பதை மறக்கக் கூடாது. கைகளின் மேலேயே தார்ப்பாயை விரித்தால் நடுவில் தொய்ந்து தொட்டிலாகிவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. தண்ணீர் நின்றால் அதுவே 10 கிலோ. என் முதல் தார்ப்பாய் ஒரு இரவில் ஒரு கையை வளைத்தது இப்படித்தான். விரிப்பின் நடு, கைநுனிகளைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயர வேண்டும். அதற்கு, உச்சி மூடியைக் கழற்றிக் கம்பத்துக்குள் பிடிப்பாக இறங்கும் ஒரு மரக்கழியை வையுங்கள். விளக்குமாற்றுக் கழியில் டேப் சுற்றிப் பருமனாக்கினால் சரியாக இருக்கும். உள்ளே ஓர் அடியாவது இறங்க வேண்டும். உச்சியில் கைகளை இழுக்கும் கயிறோ கைப்பிடியோ உள்ள கொடிகளில் இது ஒத்துவராது, அங்கே கடை விரிப்புதான். கழியின் தலையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுங்கள், தார்ப்பாய் கிழியாது.

3 மீட்டர் நுனியளவுள்ள நான்கு கைக் கொடிக்கு 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய் பொருந்தும். கொடியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 2 மீட்டர்தான், ஆகவே ஓரத்தில் சாரலுக்குக் கொஞ்சம் இறக்கம் கிடைக்கும். மூலைகள் நான்கும் கைநுனியைத் தாண்டித் தொங்கும். அவற்றைக் கைகளோடு கட்ட வேண்டும். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறு போதும். காற்று மிஞ்சினால் கொக்கி கழன்று தார்ப்பாய் மட்டும் பறக்கட்டும். முடிச்சுப் போட்டுவிட்டால் கொடியையே பிடுங்கிக்கொண்டு போகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 3 மீட்டர் தார்ப்பாய் ஒரு பாய்மரம்தான். மெட் ஆபீஸ் காற்று எச்சரிக்கை விட்ட அன்று விரிப்பைக் கழற்றி, கொடியை மடக்கி, வீட்டுக்குள் போய்விடுங்கள்.

பக்கவாட்டையும் மூடலாமே என்று தோன்றும். மூடாதீர்கள். துணி காய்வதற்கு வெயிலைவிட இங்கே காற்றுதான் உதவுகிறது. பந்தல் போதும், கூடாரம் வேண்டாம். நிறம் வெளிறியதாகவோ ஒளி ஊடுருவுவதாகவோ இருந்தால் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் வீணாகாது.

மனம் விட்டுச் சொன்னால், எங்கள் வீட்டில் விரிப்பை ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் போடுகிறோம். தரைக்குழாயைப் போல இது கட்டாயம் இல்லை. வேலைக்குப் போகிற நாளில், மழை வந்தால் ஓடிவந்து எடுக்க வீட்டில் ஆள் இல்லை என்றால் மட்டும் உபயோகம்.

சந்தேகமான நாளில் துணி போடும் விதம்

இயந்திரத்தில் 1400 சுற்றில் பிழிந்துவிட்டுப் போடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். விரிப்பு இருந்தாலும் வெளிக்கயிற்றைக் காலியாக விடுங்கள், சாரல் அதில்தான் அடிக்கும். உள்ளே ஒரு கயிறு விட்டு ஒரு கயிறு. கனத்த துண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் தொங்கினால் கம்பம் வளையும், அதனால் எதிரெதிராகப் போடுங்கள்.

நல்ல வெயில் நாளில் வெளிக்கயிறுதான் சேலைக்கு. ஐந்தரை மீட்டர் சேலையை மடிக்காமல், மூலை திருப்பி மூன்று பக்கம் ஓட்டிவிடலாம். உள்ளாடைகளை உள்கயிற்றில் போட்டுச் சேலையைச் சுற்றிவிட்டால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதுவும் தெரியாது. என் அம்மா கோடையில் வந்திருந்தபோது முதல் நாளே கண்டுபிடித்த உத்தி இது. "இந்த ஊர்லயும் ஒரு உருப்படியான சாமான் இருக்குப்பா" என்றார்.

செப்டம்பர் பிறந்தால் சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கே துணியை எடுத்துவிடுங்கள். மழையே வராவிட்டாலும் பனி இறங்கிக் காய்ந்த துணியை நனைத்துவிடும்.

கயிறு

நல்ல கயிறு மேலே பிளாஸ்டிக் பூசி, உள்ளே நூலோ கம்பியோ வைத்திருக்கும். பூச்சு வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய்த் துணியில் கறுப்புக் கறை வைக்கும். அப்போது மாற்ற வேண்டியதுதான். பழைய கயிற்றை அவிழ்க்கும் முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே கோத்துக்கொண்டு வாருங்கள், கொடியைச் சற்றே மடக்கிய நிலையில். முழுசாக விரிக்கும்போது கயிறு தானாக விறைக்கும். பாசிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

பனிக்காலம்

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிகிறது. தரைக்குழாயில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையை வெடிக்கவைக்கும், கம்பத்தையும் கவ்விக்கொள்ளும். என் முதல் ஜனவரியில் நடந்தது அதுதான். கவ்விக்கொண்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள், கொதிக்கும் நீரையும் ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றித் திருகிப் பாருங்கள். வராவிட்டால் உறைபனி விலகும் நாள் வரை பொறுங்கள்.

அந்த நிலைக்கே போகாமல் இருக்க, அக்டோபர் கடைசியில் ஒரு உலர்ந்த நாளைப் பார்த்துக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள். கயிற்றைத் துடைத்து, தலைகீழாகச் சாய்த்து வைத்தால் கைகளுக்குள் கிடக்கும் தண்ணீர் வடியும். ஒரு நாள் அப்படியே விட்டு, ஷெட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ வையுங்கள். தரைக்குழாயை ஒற்றி உலர்த்தி மூடி போடுங்கள். வைக்க இடமே இல்லை என்றால் உறை போட்டு வெளியில் நிற்கட்டும், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பத்தைத் தூக்கிச் சுற்றி வையுங்கள். அந்த மாதங்களில் துணி வீட்டுக்குள்தான் காயும். ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் அறைக்காற்றில் கலக்கும், ஜன்னலைத் திறக்கவோ ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைக்கவோ மறக்காதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அடிலெய்டில் லான்ஸ் ஹில் 1945-இல் செய்ய ஆரம்பித்த ஹில்ஸ் ஹாயிஸ்ட் வகை உங்கள் வீட்டில் இருந்தால், அது மடங்காது, பிடுங்கவும் முடியாது. அதற்கு உறையும் வேண்டாம். கைப்பிடி சுழற்றி ஏற்றி இறக்கும் பல்சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்து, புயல் வரும்போது தாழ இறக்கி வைத்தால் போதும்.

மார்ச்சில் கொடியைத் திரும்ப நட்டதும் கயிற்றை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணியில் வருகிற பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு கிழிந்த வெள்ளை பனியன், பழைய தலையணை உறை எதையாவது நனைத்து, நான்கு கைகளுக்கும் அடியில் உள்கயிற்றில் போட்டு, ஒரு தூறல் நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். சாயங்காலம் எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பழுப்புக் கோடு இருந்தால் எந்த ஆணி என்று அதுவே காட்டிக்கொடுக்கும், திரும்ப உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான். கோடு இல்லாவிட்டால் வேட்டியைக் கொண்டுவரலாம்.